அன்று தூங்கியவர்

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குடியிருப்பின் படிக்கட்டு முழுக்கச் சூரியகாந்தி விதை வறுபடும் வாசனைதான். நான்காம் மாடியில் அவ்ராம் கோத்ரெயா இரும்புச் சட்டியில் உப்புத்தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கிளறுகிறார். அடுப்பைப் பெரிதாக எரியவிட மாட்டார். கரண்டிச் சத்தம் நின்றால் இரண்டாம் மாடியில் இருக்கும் எனக்குத் தெரிந்துவிடும், விதைகளைப் பழைய போர்வையில் கொட்டிப் பரப்பிவிட்டார் என்று. மதியம் கால்பந்து ஆட்டம் இருக்கிறது.

ஆட்டம் தொடங்குவதற்கு வெகு முன்பே சாக்குப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவார். பெரிய வாயிலுக்கு இடப்பக்கம் அவருடைய முக்காலி. மைதானத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். விதைப் பொட்டலம் வாங்குகிறவர்கள் எல்லாரும் உள்ளே போன பிறகும் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. உள்ளேயிருந்து வரும் சத்தத்தை வைத்தே நடப்பதைச் சொல்லிவிடுவார். "கம்பத்துல பட்டுச்சு" என்பார். பட்டிருக்கும். எங்கள் ஊர்க் கழகமான ஃபோர்ஜா ஹோத்ரேனி இப்போது மூன்றாம் பிரிவில் ஆடுகிறது. பார்க்க வருகிறவர்கள் ஒரு திருமணக் கூட்டம் அளவுக்குத் தேறுவார்கள். அதில் பாதிப் பேர் பழைய எஃகு ஆலை ஆட்கள். ஆலையை மூடிய பிறகு அவர்களுக்குப் போக வேறு இடமில்லை.

விதை விற்கும் இந்த மனிதர் இதே மைதானத்தில் இடது பின்களத்தில் ஆடியவர். அவர் போட்ட ஒரு கோலினால்தான் எங்கள் ஊர்க் கழகம் ஐரோப்பாவில் கடைசி எட்டு அணிகளுக்குள் வந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இதை யாராவது சொன்னால் அவர் உடனே திருத்துவார். "கோலா? அது என் தோள்ல பட்டுப் போச்சு. பேப்பர்காரன் தலைன்னு எழுதிட்டான்."

ஃபோர்ஜா ஐரோப்பியப் போட்டிகளில் மூன்று முறை ஆடியிருக்கிறது. முதல் முறை டென்மார்க்குக்காரர்களிடம் கோலாக வாங்கிக்கொண்டு வந்தார்கள். அதைப் பற்றி ஊரில் பேச்சே கிடையாது. கடைசி முறை துருக்கியர்களிடம் முதல் சுற்றிலேயே தோற்றார்கள். அதற்குள் ஊருக்கும் அலுத்துவிட்டிருந்தது. நடுவில் வந்த ஒரு பருவத்தைத்தான் நாற்பது வருடத்துக்கு மேலாக மென்றுகொண்டிருக்கிறோம். உள்நாட்டுக் கோப்பையை எப்படியோ ஜெயித்து, கோப்பை வென்றவர்களுக்கான ஐரோப்பியப் போட்டிக்குப் போன பருவம் அது. முதல் சுற்றுக்குக் கிரேக்கர்கள் வந்தார்கள். விருந்தாளிகள் இருமக்கூடாது என்று ஆலையில் புகையை அடக்கி வைத்தார்களாம். எங்கள் ஊருக்குப் பின்னால் மலை இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது என்று என் அம்மா சொல்வாள். என் சித்தி மகன் எப்போது பிறந்தான் என்று கேட்டால் வீட்டில் இன்றைக்கும் "கிரேக்கர்கள் வந்த வருஷம்" என்றுதான் பதில் வரும்.

இரண்டாம் சுற்றில் மேற்கு ஜெர்மனி அணி. இங்கே நடந்த ஆட்டத்தில் ரேமுஸ் பிந்தெயா ஒரே ஒரு கோல் போட்டு ஜெயிக்க வைத்தார். வலது ஓரத்தில் அவர் ஓடினால் மைதானமே எழுந்து நிற்கும். அங்கே நடந்த மறு ஆட்டத்தில் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். அந்த ஒன்றுதான் அவ்ராமின் தோள். இரண்டு ஆட்டத்தையும் கூட்டினால் சமம். அடுத்தவன் மண்ணில் போட்ட கோலுக்கு மதிப்பு அதிகம் என்ற விதி அப்போது இருந்ததால் நாங்கள் மேலே போனோம். ஊரில் தேவாலய மணி அடித்தார்கள். அன்றைய கம்யூனிஸ்ட் ஆட்சியில் அப்படி அடிக்கக் கூடாது, யாரும் கேட்கவில்லை.

ரேமுஸும் அவ்ராமும் எப்போதும் ஒரே அறையில் தங்குவார்கள். ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், பள்ளியில் ஒரே பெஞ்சு. ஜெர்மனியில் ஹோட்டலுக்குத் திரும்பியதும் மேலாளர் ஆளுக்கு ஒரு பீர் வாங்கிக் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு அவ்ராம் படுத்தார். அவ்வளவு நல்ல தூக்கம் வாழ்க்கையில் முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை என்பார். காலையில் விழித்தபோது பக்கத்துக் கட்டில் விரிப்பு ஒழுங்காக மடிக்கப்பட்டிருந்தது. ரேமுஸ் முன்னாலேயே சாப்பிடப் போயிருப்பான் என்று நினைத்துக் கீழே இறங்கினார். அங்கேயும் ஆள் இல்லை.

"அவன் தட்டுல முட்டை ஆறிட்டிருந்துச்சு. வீணாப் போகுதேன்னு அதையும் நானே சாப்பிட்டேன்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். எல்லாவற்றையும்விட அந்த முட்டைதான் அவரை உறுத்தியது போலிருந்தது.

ரேமுஸ் திரும்பவில்லை. எல்லையைத் தாண்டிப் போனவன் திரும்பாமல் இருந்துவிட்டால், இங்கே மிச்சமிருப்பவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். தலைநகரில் போலீஸ்காரர்கள் அவ்ராமை உட்காரவைத்து எப்போது சொன்னான், எப்படிச் சொன்னான் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். தூங்கிவிட்டேன் என்பதைத் தவிர அவரிடம் வேறு பதில் இல்லை. கூட இருப்பவன் பெட்டி கட்டும்போது ஒரு மனிதன் தூங்குவான் என்று யாரும் நம்பவில்லை. அதன் பிறகு அவர் ஃபோர்ஜாவின் சட்டையைப் போடவில்லை. எஃகு ஆலையில் உலை வேலைக்கு அனுப்பினார்கள். மார்ச்சில் ஸ்காட்லாந்துக்காரர்கள் வந்தபோது எங்கள் வலது ஓரத்திலும் இடது பின்களத்திலும் புதுப் பையன்கள் ஆடினார்கள். வழித்துத் துடைத்தாற்போல் தோற்றோம். ஐரோப்பா அத்தோடு முடிந்தது.

கழகத்தில் தொங்கிய அணிப் படத்தில் ரேமுஸ் நின்ற இடத்தில் ஒரு பூந்தொட்டியை வரைந்துவிட்டார்கள். ஆட்சி மாறியதும் பூந்தொட்டியை எடுத்து மறுபடியும் ரேமுஸை வைத்தார்கள். இரண்டு படத்திலும் பக்கத்தில் அவ்ராம் அப்படியேதான் நிற்கிறார்.

அடி அவருக்கு மட்டும் விழவில்லை. அவர் மனைவி வியோரிகா மழலையர் பள்ளி ஆசிரியை. நல்ல குரல், நன்றாகப் பாடுவார். ஓடிப்போனவனின் கூட்டாளி வீட்டுப் பெண்ணிடம் குழந்தைகளை விட முடியாது என்று அவரை ஆலை உணவுக்கூடத்துக்குப் பாத்திரம் தேய்க்க மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான். அப்போது ஒரே ஒருமுறை அவர் கணவரிடம் கேட்டிருக்கிறார், உனக்குத் தெரியுமா என்று. தெரியாது என்று இவர் சொன்னார். தெரியாதென்றால் சரி என்று வியோரிகா பாத்திரம் தேய்க்கப் போனார். அந்த ஒரு பதிலின் மேல்தான் அவர்கள் குடும்பம் நடந்தது. மகள் பிறந்தாள், வளர்ந்தாள், ஸ்பெயினுக்கு வேலைக்குப் போனாள்.

காலம் போகப் போக, அவ்ராம் அந்தப் பதிலைக் கேலியாக்கிக்கொண்டார். மின்தூக்கியை யார் உடைத்தது என்று குடியிருப்புக் கூட்டத்தில் சண்டை நடக்கும். "எனக்கென்ன தெரியும், நான் தூங்கிட்டிருந்தேன்" என்பார். எல்லாரும் சிரித்துவிடுவோம், சண்டை நின்றுவிடும். ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. நடுவர் தப்பாக விசிலடித்தால், "அவ்ராம் அண்ணே மாதிரி தூங்கிட்டான்" என்பார்கள். அவரும் சிரிப்பார்.

மூன்று வருடத்துக்கு முன் அந்தப் பருவத்தின் நாற்பதாம் ஆண்டைக் கொண்டாடினார்கள். ரேமுஸ் ஜெர்மனியிலிருந்து வந்தார். வெள்ளை முடி, வெயிலில் பழுத்த முகம், நம் பேச்சையே கொஞ்சம் கவனமாகப் பேசினார். கலாசார மன்றத்தில் உட்கார இடமில்லை. மூன்றாவது வரிசையில் வியோரிகா, மகள் அனுப்பிய நீலச் சட்டையில், பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ரேமுஸைக் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். பயமாக இருந்ததா, எப்படித் துணிந்தீர்கள், யார் உதவினார்கள். அவர் அவ்ராமை மேடைக்குக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டார்.

"இவன் இல்லேன்னா நான் இல்ல. அன்னிக்கு என் பையைத் தூக்கிக் கையில குடுத்ததே இவன்தான். 'போடா, திரும்பிப் பாக்காத'ன்னான். கதவுகிட்ட காவலுக்கு நின்னான். அப்புறம் நாப்பது வருஷம் வாயையே திறக்கல."

மன்றம் எழுந்து நின்றது. அவ்ராம் ஒலிபெருக்கியை எட்டிப் பிடித்தார். "இல்ல. நான் தூங்கிட்டிருந்தேன்" என்றார்.

சிரிப்பில் கூரை அதிர்ந்தது. கைதட்டல் இரண்டு மடங்காயிற்று. அவர் இன்னொரு முறை சொன்னார். அது யார் காதிலும் விழவில்லை. எழுந்து நிற்காமல் உட்கார்ந்திருந்தது வியோரிகா மட்டும்தான். கைதட்டல் அடங்குவதற்கு முன்னால் அவர் பையை எடுத்துக்கொண்டு, நின்றவர்களை விலக்கி விலக்கி, வெளியே போனார்.

மறுநாள் காலை அவ்ராம் என் வண்டியில் ரேமுஸ் தங்கியிருந்த விடுதிக்குக் கூட்டிப் போகச் சொன்னார். ரேமுஸ் காலை உணவில் இருந்தார். இவரைக் கண்டதும் எழுந்து கட்டிக்கொள்ள வந்தார்.

"ஏண்டா அப்படிச் சொன்ன?"

ரேமுஸ் கையை இறக்கினார். "வந்ததிலேர்ந்து எல்லாரும் என்னையே கேட்டாங்க, அவ்ராம். உன்னைப் பத்தி ஒருத்தனும் கேக்கல. உனக்கும் கொஞ்சம் பேரு கிடைக்கட்டும்னு தோணுச்சு."

அவ்ராம் உட்கார்ந்தார். பிறகு, எங்கிட்ட சொல்லிட்டுப் போகணும்னு அப்ப நெனச்சியா என்று கேட்டார்.

"இல்ல. ஷூவைக் கையில எடுத்துக்கிட்டுத்தான் போனேன். நீ முழிச்சா சத்தம் போட்டுடுவியோன்னு பயந்தேன்."

"நான் சத்தம் போட்டிருப்பேன்னு நெனச்சியா?"

ரேமுஸ் முன்னால் இருந்த தட்டைத் தள்ளி வைத்தார். இதை அப்படியே வியோரிகாவிடம் வந்து சொல்ல வேண்டும் என்று மட்டும் அவ்ராம் சொன்னார்.

ரேமுஸ் வந்தார், அதைக் குறை சொல்ல முடியாது. நானும் கூட இருந்தேன். வியோரிகா காபியும் செர்ரிப் பாகும் வைத்தார். ரேமுஸ் ஷூவைக் கையில் எடுத்ததிலிருந்து ரயில் நிலையம் போனதுவரை ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லும்போது வேர்த்தது, இரண்டு இடத்தில் தடுமாறினார். மேடையில் தடுமாறவே இல்லை. வியோரிகா முழுவதையும் கேட்டுவிட்டு, காபி ஆறிடும், குடிங்க என்றார்.

அவரை வழியனுப்பிவிட்டு வந்த கணவரிடம் வியோரிகா பேசியதைப் பின்னால் ஒருநாள் படிக்கட்டில் நின்று அவ்ராமே எனக்குச் சொன்னார். "நல்லாச் சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கே" என்றாராம். இவர் மறுத்தார். வியோரிகா கோபப்படவில்லை, அழவும் இல்லை. "நீ அவனை அனுப்பி வெச்சது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன். எங்கிட்ட அப்பவே சொல்லியிருந்தா நானும் உன்கூட நின்னிருப்பேன். பாத்திரம் தேய்க்கறப்ப ஏன் தேய்க்கறோம்னாவது தெரிஞ்சிருக்கும். அதைக்கூட நீ எனக்குக் குடுக்கலியே."

இதற்கு என்ன பதில் சொல்வது என்று அவ்ராம் என்னைக் கேட்டார்.

அன்றிலிருந்து வியோரிகா மகளின் அறையில் படுத்துக்கொள்கிறார். சமையல் நடக்கிறது, துணி துவைப்பது நடக்கிறது; பண்டிகைக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் தேவாலயத்துக்கு வருகிறார்கள். முன்பெல்லாம் சனிக்கிழமை மாலைகளில் பழைய செய்தித்தாளைக் கிழித்துக் கூம்புப் பொட்டலம் மடித்துக் கொடுப்பது வியோரிகாதான். இப்போது அவ்ராமே மடிக்கிறார். அடி சரியாக மடங்காமல் விதை ஒழுகுகிறது. வாங்குகிறவர்கள் ஒன்றும் சொல்வதில்லை. அவர்களுக்கு அவர் இப்போது பெரிய ஆள். கை கொடுக்கிறார்கள், சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆரம்பத்தில் ஒவ்வொருவரிடமும் நடந்ததை விளக்கப் பார்த்தார். அடக்கமான மனிதர் என்று அதற்கும் ஒரு பேர் கிடைத்தது. பிறகு விட்டுவிட்டார். மின்தூக்கி போன மாதம்கூட உடைந்தது. கூட்டத்தில் யாரோ அவரைப் பார்த்துச் சிரித்து, வழக்கமான வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். அவ்ராம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வசந்தத்தில் கழகம் வாயிலில் ஒரு பெரிய பலகை வைத்தது. ரேமுஸும் அவ்ராமும் இளைஞர்களாக, தோளோடு தோள் சேர்ந்து, ஆள் உயரத்துக்கு. கீழே "ஐரோப்பாவை வென்ற நட்பு" என்று எழுதியிருக்கிறது. சரியாக முக்காலிக்கு மேலே. வேறிடத்தில் வைக்கச் சொல்லிப் பார்த்தார்; உங்களுக்காகத்தான் அண்ணே அங்கேயே வெச்சோம் என்றார்கள். அதற்குப் பிறகு ஆட்ட நாளில் வந்ததும் முதல் வேலையாக மேல்கோட்டைக் கழற்றுவார். பலகையின் மேல் சட்டத்தில் ஒரு ஆணி துருத்திக்கொண்டிருக்கிறது. கோட்டை அதில் மாட்டிவிட்டால் அவருடைய முகம் மறைந்துவிடும். ரேமுஸ் மட்டும் சிரித்துக்கொண்டிருப்பார்.

போன ஞாயிறு முதல் பனி விழுந்தது. அவ்ராம் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்து, கைகளை விதைச் சாக்குக்குள் விட்டுச் சூடேற்றிக்கொண்டிருந்தார். இடைவேளை நேரத்தில் வியோரிகா வந்தார். அவர் மைதானத்துப் பக்கம் வந்து நான் பார்த்ததே இல்லை. சூப்பு ஊற்றிய பாத்திரத்தை முக்காலிக்குப் பக்கத்தில் வைத்தார். கணவரைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். எட்டிக் கோட்டை எடுத்து, பனியை உதறி, அவர் தோளில் போட்டு, முன்பக்கம் இழுத்துப் பொத்தானும் போட்டுவிட்டார். வந்த வழியே நடந்தார்.

அவர் மூலை திரும்பும்வரை அவ்ராம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து, ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றி, கோட்டை மறுபடியும் அந்த ஆணியில், பலகையில் இருந்த தன் முகத்தின் மேல் மாட்டினார்.