மூன்று கோடு இருமல் மருந்து

சென்ற கார்த்திகையில், ரம்ஜான் நோன்பு நடந்துகொண்டிருந்த சமயம், காதுவலிக்காக என் எட்டு வயது மகளை ஆம்பூரிலிருந்து வேலூர் ஆஸ்பத்திரிக்குக் காலை மோட்டார் பஸ்ஸில் அழைத்துப் போனேன். நான் தோல் மண்டியில் குமாஸ்தா.

பஸ் டிரைவர் எங்கள் தெருக்காரர். வயது அறுபதுக்கு மேல். மழை பிடித்த நாளிலிருந்து அவருக்கு விடாத இருமல். முந்தின நாள் மாலை ஒரு மருந்துப் புட்டியை என்னிடம் நீட்டி, "இங்கிலீஷ்ல இன்னா எழுதிக்குது, படிச்சி சொல்லு தம்பி" என்றார். புட்டியின் பக்கத்தில் அளவுக்காகக் காகிதக் கோடுகள் ஒட்டியிருந்தன.

"ஒரு நாளைக்கு மூணு கோடு, பாய்" என்றேன். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. அவசரத்தில் அதை நான் படிக்கவில்லை.

மறுநாள் முன் ஸீட்டில், அவர் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

"இருமல் எப்படி பாய்?"

"ரொம்ப கம்மி தம்பி. ஷோக்கான மருந்து!"

பள்ளிகொண்டாவுக்கு முன்னால் பஸ் ஓர் ஏரிக்கரை மேல் ஏறியது. ஏரி தளும்பிக்கொண்டிருந்தது.

"நைனா, டிரைவர் தூங்குறாரு" என்றாள் மகள்.

திரும்பிப் பார்த்தேன். தாடி நெஞ்சில் புதைந்திருந்தது. பஸ் தண்ணீர்ப் பக்கம் சரிந்தது. "பாய்!" என்று அலறி அவர் தோளை உலுக்கினேன். விழித்தவர் பிரேக்கை மிதித்தார். பஸ் நின்றபோது முன் சக்கரம் ஒன்று கரைக்கு வெளியே இருந்தது. அடியில் மண் பொலபொலவென்று ஏரியில் விழுந்தது.

"பின்னால யாரும் எறங்காதீங்க! எறங்கினா முன்னால குப்புற சாஞ்சிடும்" என்று கண்டக்டர் கத்தினார்.

பின் ஸீட்டில் தோல் பதனிடும் ஷாப்புக்கு வேலைக்குப் போகும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கதவு அவர்கள் பக்கத்திலேயே இருந்தும் ஒருவரும் எழவில்லை. என் மகளைத் தலைக்கு மேல் கைமாற்றிக் கைமாற்றி முதலில் வெளியே இறக்கினார்கள். நானும் டிரைவரும் ஊர்ந்து இறங்கும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

டிரைவர் ரோட்டில் குந்திவிட்டார். "நோன்புல பகல்ல எப்படி குடிக்கிறது தம்பி? மூணு கோட்டையும் விடியறதுக்கு முன்னாடி ஒண்ணா குடிச்சிட்டேன்."

"நோன்பு உனக்கு, மேல போறது நாங்களா பெரிசு?" என்று ஒருவர் சீறினார்.

டிரைவரின் சட்டைப் பையிலிருந்த புட்டியை வாங்கி அந்தக் கடைசி வரியைப் படித்தேன். 'ஒரு வேளைக்கு ஒரு கோடுதான்; அளவு மீறினால் மயக்கமும் தூக்கமும் வரும்.' எல்லாரும் அவரைத் திட்டினார்கள். அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "தப்பு என்னுது, நான்தான் முழுசா படிக்கல" என்று சொல்ல எனக்கு வெகு நேரம் பிடித்தது.

நோன்பு மாதம் என்பது எனக்குத் தெரியாததா? எப்போது குடிப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இப்போது யார் எதை நீட்டிப் படிக்கச் சொன்னாலும் பொடி எழுத்து வரை இரண்டு தடவை படிக்கிறேன். நான் படித்துச் சொல்வதை நம்பி எந்த வீட்டுக் குழந்தை எங்கே உட்கார்ந்திருக்கிறதோ!