மாப்பிள்ளைக் காரின் ஸ்டெப்னி

பழைய தெருப்படத்தைப் பார்த்து அது எந்த வருஷத்துப் படம் என்று சொல்கிற வேலை இருக்கிறதே, அதற்குச் சம்பளமும் கிடையாது, நிம்மதியும் கிடையாது. வாயைத் திறந்தால் யாராவது ஒருத்தர் வீட்டில் இடி விழும். திண்டுக்கல்லில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் பதினாறு வருஷம் இருட்டறையில் கிடந்தவன் நான். பிரிண்ட் போடுவதும், முகத்தில் அம்மைத் தழும்பு இருந்தால் பென்சிலால் மறைப்பதும்தான் என் வேலை. வருஷம் கண்டுபிடித்துச் சொல்கிற இந்தச் சமாச்சாரம் தானாக வந்து தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஊருக்கெல்லாம் ஒரே கார்

ஐம்பதுகளில் எங்கள் ஊரில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு வருகிற திறந்த கார் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரு வெள்ளைக்காரத் துரை ஊரைவிட்டுப் போகும்போது விற்றுவிட்டுப் போன சீமைக் கார். மேலே இருக்கிற துணிக்கூரையை மடக்கிவிட்டால் மாப்பிள்ளை பின்சீட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்து வரலாம். தாடிக்கொம்புக் கல்யாணமா, ஆத்தூர்க் கல்யாணமா, எதுவானாலும் அதே கார்தான், அதே டிரைவர் காதர் பாய்தான். எங்கள் ஸ்டூடியோவில் இருந்த கண்ணாடி நெகட்டிவ் பெட்டிகளில் பாதிக்கு மேல் இந்தக் கார் நின்றது. பெட்டிமேல் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுகளைக் கரையான் தின்று தீர்த்துவிட்டது. அதனால், 'எங்க கல்யாணப் படத்துல இன்னொரு காப்பி வேணும்' என்று யாராவது வந்தால், காரை வைத்துத்தான் நான் தேடுவேன். விளக்குக் கண்ணாடி உடைந்தது எப்போது, பம்பர் வளைந்தது யார் வீட்டுக் கல்யாணத்தில் என்றெல்லாம் காதர் பாயிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன்.

அதில் முக்கியமானது ஸ்டெப்னி. அந்தக் காலத்துக் கார்களில் மாற்றுச் சக்கரத்தை உள்ளே வைக்க மாட்டார்கள். முன் மட்காட்டை ஒட்டி, வெளியே எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மாட்டியிருப்பார்கள். இந்தக் காருக்கு அது முதலில் டிரைவர் உட்காருகிற வலது பக்கத்தில் இருந்தது. ஒரு மார்கழியில் மாட்டுவண்டி மேல் மோதி அந்தப் பக்கம் அப்பளமாக நொறுங்கிப் போகவே, ஸ்டெப்னியை இடது பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆக, வலது பக்கம் இருந்தால் அந்த மார்கழிக்கு முந்திய படம், இடது பக்கம் இருந்தால் பிந்திய படம். கைரேகை மாதிரி பொய் சொல்லாத அடையாளம் ஒன்று கிடைத்துவிட்டது என்று நான் குதித்தேன். காதர் பாய் முகம் செத்துப்போயிற்று. அவர் சொன்னார்: "ரெண்டு மாடும் என் கண்ணு முன்னால துடிச்சுச் செத்துச்சு தம்பி. நீ அத வச்சு வருசம் பாக்குற."

சைக்கிள் வழி

ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெரிய பண்ணைக்காரர் ஒருவர் ஒரு நாள் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, முகமெல்லாம் சிரிப்பு. கையில் ஒரு பழைய தெருப்படம். அதில் ஒரு கல்வாசல் தெரிந்தது. வாசல் தன் அப்பா கட்டியதென்று இவர் சொல்கிறார், தன் அப்பா கட்டியதென்று பங்காளி சொல்கிறார், பஞ்சாயத்து நடக்கிறது. "ஏனுங்க, இது எங்கப்பா காலத்துல, இருபது வருசத்துக்கு முந்தி எடுத்த படம்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க, போதுமுங்க" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். வாசலுக்கு முன்னால் நம்ம மாப்பிள்ளைக் கார் நிற்கிறது, ஸ்டெப்னி இடது பக்கத்தில் இருக்கிறது. "இது எடுத்து மூணு வருஷம்கூட ஆகலீங்களே" என்று என் நாக்கு முந்திக்கொண்டது.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். படத்தை வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டார், காபி வாங்கிக்கொடுத்தார், என் வீடு எங்கே, எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் அக்கறையாக விசாரித்தார். அதன்பிறகு ஒரு மாசம் நான் சைக்கிளைத் தொடவே இல்லை. கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேதான் வேலைக்குப் போனேன். ஏனென்றால் கிளம்பும்போது அவர் சிரித்துக்கொண்டே சொன்னது இது: "நீங்க தெனமும் அந்தக் கொளத்து மேட்டு வழியாத்தானுங்க சைக்கிள்ல போறீங்க? பாத்துப் போங்க."

மாலை போட ஒரு முகம்

அப்போதெல்லாம் ஏழைபாழைகள் தங்களுக்கென்று படம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். செத்தபிறகு மாலை போடப் படம் வேண்டுமே? அடுத்தவர் கல்யாணக் கூட்டத்தில் வேடிக்கை பார்த்து நின்ற முகத்தைத் தேடி எடுத்து, அதை மட்டும் பெரிதாக்கித் தரச்சொல்லிக் கேட்பார்கள். அப்படித்தான் வந்தார் ஆத்தூர் வெள்ளையம்மா. அவர் புருஷன் பெருமாள் லாரியில் லோடு ஏற்றுகிறவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி அடைமழையில், ஆயக்குடிக் கொய்யா ஏற்றி வந்த லாரியைக் குடகனாற்று வெள்ளம் தரைப்பாலத்திலிருந்து அடித்துக்கொண்டு போய்விட்டது. டிரைவர் உடம்பு கிடைத்தது. பெருமாள் உடம்பு கிடைக்கவே இல்லை. எத்தனை நாள்தான் காத்திருப்பது, கருமாதியை முடித்துவிடலாம் என்று கொழுந்தன் நாள் குறித்துவிட்டான்.

"எங்க கல்யாணம்னாலும் மொத ஆளா நின்னு வேடிக்கை பாப்பாக அண்ணே. ஒங்க பெட்டியில எங்கயாச்சும் நிப்பாக" என்றார். இரண்டு நாள் உட்கார்ந்து பழைய பிரிண்டுகளை எல்லாம் புரட்டினார். இல்லை. கடைசிப் பெட்டியில் பிரிண்டே போடாத நெகட்டிவ்கள் கொஞ்சம் கிடந்தன, பல்லி எச்சம் காய்ந்து, பூஞ்சை பிடித்து. அவற்றைத் துடைத்துப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தேன். மூன்றாவது படத்தில் அந்த அம்மா விரலை வைத்தார். கோயில் மதிலோரம் கூட்டம். பூவால் மூடின நம்ம கார். மாலைக்குள் முகம் புதைந்த யாரோ ஒரு மாப்பிள்ளை. காருக்குப் பக்கத்தில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு பெருமாள். படம் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் ஆள் அவரேதான்.

நான் காரைப் பார்த்தேன். ஸ்டெப்னி இடது பக்கத்தில் இருந்தது. ஐப்பசியில் ஆற்றோடு போன மனுஷன், அதற்கு இரண்டு மாசம் கழித்து வந்த அந்த மார்கழிக்கு அப்புறம் எடுத்த படத்தில் எப்படி நிற்பான்? நாக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும் நான். சொல்லிவிட்டேன். அந்த அம்மா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகத்தில் திகில்தான் ஏறியது. படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "வகிட மாத்தி எடுத்துருக்காக பாருங்கண்ணே. ஆளு தெரியக்கூடாதுன்னு."

கொழுந்தன் வந்தான்

கருமாதி நின்றுபோனது. வெள்ளையம்மா பூவை எடுக்கவில்லை, பொட்டை அழிக்கவில்லை. அதற்குப் பதிலாக ஊர் ஊராகத் தேட ஆரம்பித்தார். சந்தை நாளெல்லாம் திண்டுக்கல் லாரிப்பேட்டையில் நின்று வருகிற ஆள் போகிற ஆள் முகத்தை எல்லாம் பார்ப்பார். என்னைக் கண்டால், "அண்ணே, நான் அவுகள என்ன செஞ்சேன்? ஒரு சொல்லு கடுமையாப் பேசுனது கெடையாதே" என்பார். எனக்கு எங்கே ஓடி ஒளிவது என்று தெரியாது. ராத்திரி சோறு இறங்காது. என் வீட்டுக்காரி, "ஊரான் வீட்டுப் படத்தப் பாத்துட்டு ஒங்களுக்கு என்ன கவல?" என்று கேட்பாள்.

ஒரு நாள் மத்தியானம் கொழுந்தன் முத்து ஸ்டூடியோவுக்குள் நுழைந்தான். களை வெட்டுகிற இடத்திலிருந்து நேராக வந்திருப்பான் போல, கையெல்லாம் மண். என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு வைத்து அழுத்தினான். அடிக்கப் போகிறான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் அவன் அழுதுகொண்டிருந்தான். "எங்கண்ணன் உசுரோட இருந்தா கூட்டிக்கிட்டு வா. இல்லையா, செத்துட்டான்னு சொல்லு. ரெண்டுங்கெட்டானா ஒருத்திய எங்க வீட்டுல உக்கார வச்சுட்டியேடா."

ஜரிகைத் தலைப்பா

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு காதர் பாயைத் தேடிப் போனேன். யார் வீட்டுக் கல்யாணம் என்று அவருக்கு ஞாபகம் வந்தால், அந்த வீட்டில் போய்ப் பெருமாளைப் பற்றி விசாரிக்கலாம் என்று ஒரு நப்பாசை. பேகம்பூர்ப் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். கூட்டத் தலைகளுக்கு நடுவில், காரின் முன்சீட்டில் ஒரு ஜரிகைத் தலைப்பா தெரிந்தது. யாரோ மாப்பிள்ளைக்குச் சித்தப்பா என்று நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். "இது நானு. கல்யாண வீட்டுல டிரைவருக்குத் தலைப்பா கட்டி விடுவாகல்ல" என்றார். அப்புறம் புருவத்தைச் சுருக்கினார்.

அவர் அடுத்துச் சொன்னது புரிய, முதலில் எங்கள் தொழில் சங்கதி ஒன்று தெரிய வேண்டும். கண்ணாடி நெகட்டிவில் ஒரு பக்கம் மட்டும் மருந்து பூசியிருக்கும். அந்தப் பக்கம் பேப்பரைத் தொடும்படி வைத்தால்தான் படம் நேராக விழும். திருப்பி வைத்தால் வலம் இடமாகிவிடும், கொஞ்சம் மங்கவும் செய்யும். மருந்துப் பக்கம் எது என்று தெரிய, ஓரத்தை உதட்டில் வைத்துப் பார்ப்போம், ஒட்டினால் அதுதான். எங்கள் தொழிலில் பால்குடி மறக்காதவனுக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. அன்றைக்குப் பல்லி எச்சத்தைப் பார்த்து அருவருத்துக்கொண்டு நான் உதட்டில் வைக்கவில்லை. மங்கலுக்குப் பூஞ்சையைக் குற்றம் சொன்னேன். வகிடு மாறினதற்கு ஒரு பொம்பளை மூன்று மாசமாகத் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். காதர் பாய் படத்தை என்னிடம் நீட்டிக் கேட்டார்: "ஸ்டெப்னி அந்தப் பக்கம் போச்சு, சரி. ஸ்டியரிங்கோட சேந்து நானும் எப்படித் தம்பி அந்தப் பக்கம் போனேன்?"

ஆத்தூர் பஸ்

மறுநாளே போயிருக்க வேண்டும். எட்டு நாள் போகவில்லை. இரண்டு தடவை ஆத்தூர் பஸ்ஸில் ஏறி, அது கிளம்புகிறதுக்குள் இறங்கி வந்துவிட்டேன். செத்துப்போன மனுஷனை உசுரோட கொண்டுவந்து நிறுத்தினவன் நான். இப்போது அதே வாயால் மறுபடியும் கொல்ல வேண்டும். முத்து வெட்டிப்போடட்டும், அதுகூடப் பரவாயில்லை. அந்த அம்மா கத்துவாரே, அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்கு நெஞ்சில் பலம் இல்லை. ஒன்பதாம் நாள், சரியாகத் திருப்பிப் போட்ட பிரிண்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்து போய் இறங்கினேன்.

வெள்ளையம்மா கத்திரிக்காய் பறித்துக்கொண்டிருந்தார். முத்து தூரத்தில் தண்ணீர் இறைக்கிற கமலைக்குப் பக்கத்தில் நின்றான், என்னைப் பார்த்ததும் நடந்து வந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நெகட்டிவைத் திருப்பி வைத்தது, ஸ்டெப்னி உண்மையில் வலது பக்கம் இருந்தது, படம் மழைக்கு முன்னால் எடுத்தது, தப்பு முழுக்க என்னுடையது என்று. "பெருமாள் அன்னைக்கு ஆத்தோடதான் போயிருக்கணும் தாயி. நான் பாவி" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். முத்து பக்கத்தில் வந்து நின்று கேட்டான். அந்த அம்மா புதுப் படத்தை வாங்கி, முந்தானையால் துடைத்துப் பார்த்தார். வரப்பில் அப்படியே உட்கார்ந்தார். கண்ணில் இருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, ஆனால் மூன்று மாசமாக அந்த முகத்தில் இருந்த திகில் போயிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, கும்பிட்டபடி சொன்னார்: "அப்ப அவுக என்னைய விட்டுட்டு ஓடலண்ணே. செத்துத்தான் போயிருக்காக."

தப்புப் பண்ணினதற்காக ஒருத்தர் என்னைக் கும்பிட்டது பதினாறு வருஷத்தில் அந்த ஒரு தடவைதான்; இன்னொரு தடவை தாங்காது என்பதால், அதன்பிறகு யார் பழைய படத்தை நீட்டினாலும் 'எனக்குக் கண்ணு சரியாத் தெரியலீங்க' என்று சொல்லிவிட்டு இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.