இடது காதுக்குப் பின்னால் ஒரு ஈ

சாயம் அப்பிய கையுறையைக் கழற்றாமல், நடுவிரல் கணுவால்தான் திதினா பந்தயம் கட்டுவாள். விரல் நுனியால் தொட்டால் திரையில் கறை விழும். போன மாதம் அப்படித்தான், சீட்டில் வந்த ராஜாக்களெல்லாம் சாயங்காலம் வரை மருதாணித் தாடியோடு நின்றார்கள்.

பிரைலா ஊர் மீன் சந்தைக்குப் பின்தெருவில் அவளுடைய பார்லர். நாற்காலி மூன்று. தலைக்கு மேல் கவிழ்க்கும் ட்ரையர் இரண்டு, அதில் ஒன்று சும்மா அழகுக்கு. கண்ணாடிக்குக் கீழே, ஸ்ப்ரே டப்பாவில் முதுகைச் சாய்த்து நிற்கும் டேப்லெட். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை அதற்குள் மெலிசா இருப்பாள். புக்கரெஸ்டில் ஏதோ ஓர் அறையில், பச்சை மேசைக்குப் பின்னால் நின்று சீட்டு போடும் பெண்.

மேசையில் இரண்டு சீட்டு விழும். ஆடுகிற அத்தனை பேருக்கும் அதே இரண்டுதான். நடுவில் மூன்று திறக்கும். மேலே கட்டுவதா, கவிழ்த்துவிட்டுப் போவதா என்று யோசிக்கச் சில நொடி கொடுப்பார்கள்; அதற்குள் கட்டாவிட்டால் கவிழ்த்த கணக்கு. அப்புறம் இன்னும் இரண்டு திறக்க, மெலிசாவும் தன் சீட்டைக் காட்டுவாள். அவளிடம் குறைந்தது இரண்டு நாலாவது ஜோடி சேராவிட்டால், விதிப்படி அவளே சிரித்த முகமாகச் சொல்லவேண்டும்: "எனக்குத் தகுதி இல்லை."

இந்த வாக்கியம்தான் திதினாவுக்கு ஆகாது. "எவன்டி சொன்னான் உனக்குத் தகுதி இல்லேன்னு? கூப்பிடு அவன!" என்று சீப்பை ஓங்கிவிடுவாள். அந்தச் சுற்றில் ஜெயித்தது தான்தான் என்பது பிறகுதான் அவளுக்கு உறைக்கும்.

அவள் சீட்டைப் பார்ப்பது பாதிதான். மீதிப் பார்வை முடி மேல். மெலிசா வேலைக்கு வந்த முதல் வாரமே அவளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "வகிடு அகலுது. இந்த வயசுல அகலக் கூடாதே." இரண்டு மாதத்தில் அந்தத் தலையில் திடீரென்று அடர்த்தியாகப் பழுப்பு முடி. ஊரே அழகு என்றது. திதினா மட்டும் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, மெதுவாக, "சவுரி. சரக்கு நல்ல சரக்குதான். மாட்டத்தான் தெரியல புள்ளைக்கு" என்றாள். அன்றைக்கு யாருக்கோ ஓரம் வெட்டவேண்டிய இடத்தில் கொஞ்சம் கூடுதலாகவே வெட்டிவிட்டாள்.

திரையின் ஓரத்தில் ஆடுகிறவர்கள் எழுதலாம். எழுதியதை மெலிசா வாசிப்பாள், மற்றவர்களும் பார்ப்பார்கள். போன செவ்வாய்க்கிழமை 'ஓநாய்77' என்று ஒருவன், "கை நடுங்குதே, காலையிலயே ஊத்திக்கிட்டியா?" என்று எழுதினான். மெலிசா சிரித்தாள். சிரிக்கத்தானே சம்பளம். திதினா அவனுடைய அம்மாவைப் பற்றியும் ஓர் ஆட்டைப் பற்றியும் நாலு வரி எழுதினாள். ஒரு வாரத்துக்கு அவள் எழுதக் கூடாது என்று பூட்டுப் போட்டுவிட்டார்கள். அந்த அறிவிப்பைப் பட்டம் வாங்கியவள் போல வருகிறவர்களிடமெல்லாம் காட்டினாள்.

பூட்டின் வலி வியாழக்கிழமைதான் தெரிந்தது.

அன்றைக்கு நாற்காலியில் மீன்காரி திங்கா, தலை முழுக்கச் சாயம், மடியில் சூரியகாந்தி விதை. நல்ல ட்ரையருக்குள் பாதிரியார் மனைவி சவினா, கையில் ஜெபப் புத்தகம். மெலிசா சீட்டை எடுக்கக் குனிந்தாள். நிமிர்ந்தபோது இடது காதுக்குப் பின்னால் சவுரி ஒரு விரல் அகலம் இறங்கியிருந்தது. மறுபடி குனிந்தாள். இரண்டு விரல்.

"ஐயோ, கிளிப்பு விட்டுருச்சு" என்றாள் திதினா. "இன்னும் நாலு தடவ குனிஞ்சா மேசையில விழுந்துரும். அந்த ஓநாய் வேற உக்காந்திருக்கான்."

"எழுதிச் சொல்லுக்கா!" என்றாள் திங்கா.

"வாயத்தான் பூட்டிட்டானுங்களே! எழுதினாலும் எல்லாவனும் படிப்பான்டி. சவுரின்னு எழுத முடியுமா?" திதினா டேப்லெட்டை இரண்டு தட்டுத் தட்டினாள். "கண்ணு, குனியாதடி. இந்தப் பக்கம் பாரு." மெலிசா குனிந்தாள். மூன்று விரல்.

ட்ரையர் நின்றது. சுருள் உருளைகளோடு சவினாவின் தலை வெளியே வந்தது. ஜெபப் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு கைபேசியும் வந்தது. அதில் அதே பச்சை மேசை, அதே மெலிசா, மூலையில் பெயர்: கறுப்பு ராணி.

திங்காவின் வாயிலிருந்து விதைத்தோல் விழுந்தது. "பாதிரியாரம்மா... நீங்களுமா?"

"தவக்காலத்துல தொட்டதே இல்ல" என்றார் சவினா, காது சிவக்க. "திதினா, சீக்கிரம் சொல்லு. என்ன எழுத?"

திதினா ஒரு கணம் அவரைப் பார்த்தாள். இந்தச் சந்தையில் திங்காவின் காதில் விழுந்த சேதி, மத்தியானத்துக்குள் கோயில் மணிக்கூண்டு வரை ஏறிவிடும். அது சவினாவுக்கும் தெரியும். தெரிந்தும் இரண்டு கட்டை விரலையும் தயாராக வைத்துக்கொண்டிருந்தார்.

"இப்படி எழுதுங்க: இடது காதுக்குப் பின்னாடி ஈ உக்காந்திருக்கு கண்ணு, கையால ஓட்டு."

சவினா எழுதிய வேகம், நேற்றைக்குப் பழகின வேகம் இல்லை.

திங்கா கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள்: "எனக்குக் காதுக்குள்ளல்லாம் சாயம். ஒரு எழவும் கேக்கல, ஒண்ணும் பாக்கல."

அதற்குள் புதுச் சீட்டு விழுந்திருந்தது. இரண்டு ஆஸ். நடுவில் திறந்த மூன்றில் இன்னொரு ஆஸ். திதினா இந்த மேசைக்கு வந்த நாளாய் இப்படிக் கை வந்ததில்லை. யோசிக்கும் நொடிகள் ஓடத் தொடங்கின. சீட்டு போடுகிறவளின் கைகள் சும்மா இருக்கும் நேரம் அது ஒன்றுதான்.

"கட்டுக்கா! கட்டு, கட்டு!" காது கேட்காத திங்கா நாற்காலியில் எம்பினாள்.

மெலிசா ஓரத்தைப் பார்த்து வாசித்தாள். "கறுப்பு ராணி சொல்றாங்க, இடது காதுக்குப் பின்னாடி..." அங்கே நிறுத்தினாள். முகத்தில் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. பிறகு மெதுவாக இரண்டு கையையும் தலைக்குத் தூக்கினாள்.

பட்டனை நோக்கிப் போய்க்கொண்டிருந்த திதினாவின் கணு பாதி வழியில் நின்றது. தோளில் கிடந்த துண்டை உருவி, டேப்லெட்டின் மேல் போட்டாள்.

துண்டுக்கு அடியில் நொடிகள் டிக் டிக்கென்று தீர்ந்து, மணி அடித்து ஓய்ந்தது. "மூணு ஆஸுக்கா!" என்று திங்கா முனகினாள். திதினா காதில் வாங்கவில்லை. பின்னங்கழுத்து தெரியாதபடி யார் தோளிலோ போர்த்திவிடுவதுபோல, துண்டின் இடது ஓரத்தைக் கொஞ்சம் இழுத்துவிட்டாள்.