முள்செடிமேல் காய்ந்த வேட்டி

பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால், எண்பதுகளில் நானும் அப்பாவைப் போல பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தேன். வெளிநாட்டு முகாமில் என்னோடு இருந்த அரியாங்குப்பத்துக்காரன், ஊரில் செய்வது போலவே வேட்டியைத் துவைத்து முள்செடிமேல் விரித்துப் போட்டான். மேலே ஆளில்லாத குட்டி விமானம் ஒன்று மொபெட் மாதிரி உறுமிக்கொண்டு சுற்றியது. பொம்மை என்று சிரித்தோம். எங்களுக்குப் பழக்கியதெல்லாம் அகழி வெட்டவும் எதிரே குறிபார்க்கவும்தான். அது பார்த்துவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் பீரங்கிக் குண்டுகள் அந்த வெள்ளைத் துணிமேலேயே வந்து விழுந்தன. அவனைப் பொறுக்கி, அந்த வேட்டியின் கிழிசலிலேயே கட்டினோம்.

விடுப்பில் ஊருக்கு, நெல்லித்தோப்புக்கு வந்தேன். இந்தோசீனாவில் சண்டை போட்ட அப்பா, பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலு அணிவகுப்புக்கு மெடல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாடியில் என் மனைவி அவருடைய வேட்டியைக் காயப்போட்டிருந்தாள். உருவிக் கிழித்து எறிந்தேன். சத்தம் கேட்டு அப்பா மேலே வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"துப்பாக்கி எதுக்குடா வெச்சிருந்தீங்க? நாங்களா இருந்தா சுட்டுத் தள்ளியிருப்போம்."

"சுட்டோம்பா. மறுநாள் வந்தது விழுந்துச்சு. ஓடிப்போயி துப்பாக்கி முனையில இருந்த பயனெட்டால குத்திக் குத்திக் கிழிச்சேன். ஒரு சொட்டு ரத்தம் வரல. சாயங்காலமே இன்னொண்ணு வந்துடுச்சு."