மாமாவின் வயலும் என் வயிற்றெரிச்சலும்

என் அம்மாவின் கடைசித் தம்பியைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எனக்கு வயிறு எரியும். மனிதர் செத்துப்போன பிறகும் அது அடங்கவில்லை.

இத்தாலியில் இந்தப் பலேர்மோவுக்கு எனக்கு முன்னால் வந்தவர் மாமாதான். அதற்கு முன் சரக்குக் கப்பல் ஒன்றில் சமையலுக்குக் கைத்துணையாக இருந்தார். கப்பல் இங்கே நின்றபோது இறங்கியவர் திரும்பி ஏறவில்லை. இரண்டு மூன்று வருடங்களில் என்னையும் ஊரிலிருந்து எடுப்பித்துவிட்டார். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரே அறை. நடுவில் சேலையைக் கட்டி, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். காலையில் ஒரேத்தோ பக்கத்துக் கட்டடங்களில் மாடிப்படிகள் கழுவுவோம். அவர் கூட்டிக்கொண்டு இறங்க, நான் பின்னால் துடைத்துக்கொண்டு இறங்குவேன். கோடையில் மொண்டெல்லோ கடற்கரையில் ஒரு உணவகத்தில் அவர் கோப்பை கழுவினார். மிஞ்சிய மீனை எனக்குக் கொண்டுவருவார்.

பிறகு கனடாவில் அவருக்குக் கலியாணம் பொருந்தியது. போனார். அங்கே பன்றி வெட்டும் தொழிற்சாலையில் நின்றார், லொறி ஓட்டினார், கடைசியில் மரமே இல்லாத பெருஞ்சமவெளியில் பிள்ளைகள் விட்டுப்போன ஒரு கிழவரின் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். கிழவர் ஓய்ந்ததும் பண்ணை மாமாவின் கைக்கு வந்தது. கோதுமை, பருப்பு, நாலைந்து மாடுகள். படி கழுவிய அதே மனிதர்தான். நான் அப்போதும் பலேர்மோவில் வயதுபோன ஒரு சிஞ்ஞோராவின் வீட்டில் அவவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். இப்போது இன்னொரு சிஞ்ஞோரா. வேலை அதேதான்.

ஒவ்வொரு அறுவடைக்கும் மாமா மெஷினுக்குள் இருந்தபடி வீடியோவில் அழைப்பார்.

“இஞ்சை பாரடி பிள்ளை. எங்கையாவது முடியுதோ எண்டு பார்.”

எங்கும் முடியவில்லை. வானம் தொடங்கும்வரைக்கும் கோதுமை. நான் ஒரு கையில் போனும் மறு கையில் சிஞ்ஞோராவின் சூப்புக் கரண்டியுமாக நிற்பேன். சிஞ்ஞோரா எட்டிப் பார்த்து, “பெல்லிஸ்ஸிமோ!” என்பா. அதோடு விட்டால் பரவாயில்லை. உன் மாமாவுக்கு இவ்வளவு நிலம் இருக்கிறதே, உன்னை ஏன் கூப்பிடவில்லை என்று ஒவ்வொரு முறையும் கேட்பா. கரண்டியை அவவின் வாயில் வைத்துவிடுவேன். அவர் ஒருநாளும் கூப்பிடவில்லை. “வாறியோ?” என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று காத்திருந்தது எனக்குத்தான் தெரியும். ஸ்டேஷனடியில் உள்ள வங்காளியின் கடையில் பருப்புப் பையைத் திருப்பிப் பார்த்தால் கனடா என்று இருக்கும். என் சட்டிக்குள்ளும் வந்து குந்திவிட்டார் என்று அதை முறைத்துக்கொண்டே அவியவிடுவேன்.

போன மாரியில், களஞ்சியத்துக்குப் போன இடத்தில் மாமா விழுந்தார். மாரடைப்பு. பத்து நாள் கழித்து மாமி அழைத்தா.

“அஸ்தி கரைக்க இஞ்சை கடல் எங்கை பிள்ளை? எல்லாம் பனிதான். மொண்டெல்லோவிலை விடச் சொல்லி அவரே வாயால சொன்னவர். கொண்டு வாறன்.”

சாவு வீட்டுச் செய்தியைக் கேட்டுச் சந்தோசப்பட்டேன் என்றால் என்னை என்னவென்று நினைப்பீர்கள்? பட்டேன். கடைசியிலாவது அந்த மனிதர் என்னிடம் வருகிறார். அனுமதிக்காகக் கொமுனே என்கிற நகரசபைக்கு அலைந்தது நான். சீசன் தொடங்கிக் குளிக்க வருபவர்கள் உடுப்பு மாற்றும் மரப் பெட்டி அறைகளை மணலில் அடுக்குவதற்கு முன், ஆளில்லாத இடமாகப் பார்த்து வைத்ததும் நான். மாமாவுக்குப் பிள்ளைகள் இல்லை. கூடப்பிறந்தவர்களும் போய்விட்டார்கள். எங்கள் சனத்தில் செத்தவீட்டுக் காரியம் என்றால் முதல் கேள்வி, உரித்து ஆருக்கு என்பதுதான். இரத்த உரித்து என்று மிஞ்சியது நான் ஒருத்தி. கடலில் இறங்கி விடப்போவது நான்தான் என்று எனக்குள் தீர்த்துவிட்டேன். அதற்கென்று வெள்ளைப் பருத்திச் சேலையும் எடுத்து வைத்தேன்.

மாமியை நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. குட்டையான மனுசி, குளிர் ஜாக்கெட்டுக்குள் பாதி மறைந்துபோய் இருந்தா. பஸ்ஸில் வழிநெடுக அஸ்திப் பானையை மடியை விட்டு இறக்கவில்லை. மணலுக்கு வந்ததும் நான் இரண்டு கையையும் நீட்டினேன்.

“தாங்கோ மாமி. உரித்துக்காரி நான்தானே.”

அவ தரவில்லை. கடலைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா.

“ஒவ்வொரு வருசமும் உன்னைக் கூப்பிடுவம், கூப்பிடுவம் எண்டு என்ரை உயிரை எடுத்தவர். நான்தான் விடேல்லை.”

நீட்டிய கைகளை இறக்கினேன். “ஏன் மாமி?” என்று மட்டும் கேட்டேன்.

“நீங்கள் ரெண்டுபேரும் போனிலை கதைக்கேக்கை பாதி இத்தாலியன். விழுந்து விழுந்து சிரிப்பியள். நான் பக்கத்திலை தேத்தண்ணியோடை நிப்பன், ஒண்டும் விளங்காது. என்னோடை அவர் ஒருநாளும் அப்பிடிச் சிரிச்சதில்லை. நீ வந்து நிண்டா எனக்கு அந்த வீட்டிலை என்ன மிஞ்சும்?”

கோபம் வந்தது. என் வயசு முழுக்க இந்த மனுசி தின்றுவிட்டாளே. அதே நேரம் உள்ளே ஒரு சந்தோசம் எழும்பியது, அதையும் மறைக்கப்போவதில்லை. அவர் கேட்டிருக்கிறார். வருசா வருசம் கேட்டிருக்கிறார். அத்தனை நிலத்துக்கும் சொந்தக்காரி ஒருத்தி, என்னைப் பார்த்து எரிந்திருக்கிறாள்.

“இப்ப சொல்லிப்போட்டன்,” என்றா மாமி. “ஏசுறதெண்டா ஏசு. ஆனா இதை நான்தான் விடுவன்.”

குனிந்து சப்பாத்தைக் கழற்றினா. பானையைப் பிடித்த கையை விடாமல், ஒற்றைக் கையால் கயிற்றைப் பிடித்து இழுத்து, தடுமாறி, கடைசியில் என் தோளைப் பிடித்துத்தான் கழற்றினா. சப்பாத்துகளை என்னிடம் நீட்டினா. ஏனோ வாங்கிவிட்டேன்.

மாமி தண்ணீருக்குள் இறங்கினா. முழங்கால் வரைக்கும், பிறகு இடுப்பு வரைக்கும். என்னவோ அவரிடம் சொல்லிக்கொண்டே போனா. காற்றில் ஒரு சொல்லும் என் காதுக்கு வரவில்லை. நான் வெள்ளைச் சேலையும் கையில் அவவின் சப்பாத்துமாக, என்ன சொல்கிறா என்று கேட்க முடியாமல் கரையில் எரிந்துகொண்டு நின்றேன்.