கூட வந்த அக்கா

ஆறேழு வருஷத்துக்கு முன்னால், ஆம்பூரிலிருந்து வேலூருக்கு விடியற்காலை பஸ்ஸில் டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஷூ கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டிய நானும், அடுத்த தெருவில் பீடி சுற்றிய ஓர் அக்காவும் எப்போதும் ஒரே சீட்தான். ஊர்க்கதை பேசிச் சிரித்துக்கொண்டு, ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி போவோம். அந்தப் பயணங்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

ஊசி குத்துவதற்காக எங்கள் இடக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா செய்திருந்தார்கள். தொட்டால் தையல் மிஷின் மோட்டார் மாதிரி அதிரும். அதிர்வு நின்றால் அடைப்பு என்று அர்த்தம். நோயாளிகளே தினமும் தொட்டுப் பார்த்தால் ஃபிஸ்டுலா நீண்ட நாள் உழைக்குமா என்று ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. எங்களையும் சேர்த்திருந்தார்கள். அவரவர் கையை அவரவர்தான் பார்க்க வேண்டும். அக்காவோ பஸ் ஏறியதும் முதலில் என் கையைத்தான் பிடிப்பார். இதை யார் கணக்கில் எழுதுவது என்று டாக்டர்கூடக் கேலி செய்வார்.

ஒரு நாள் நாத்தனாருக்கு வளைகாப்பு. வந்தவர்களுக்கும் வளையல் போட்டபோது, எனக்கு இடக் கை வேண்டாம் என்று கெஞ்சினேன். ஒற்றைக் கையில் போடக் கூடாது என்று முகம் சுளித்து, இறுக்கமான கண்ணாடி வளையல்களை ஏற்றிவிட்டார்கள். களைப்பில் அப்படியே தூங்கிவிட்டேன்.

மறுநாள் பஸ்ஸில் என் கையைத் தொட்ட அக்காவின் முகம் மாறியது.

"இன்னாடி இது, ஓடவே இல்லியே."

எனக்கு உயிரே போய்விட்டது. வலக் கையில் செய்தது ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது. இதுவும் போனால் கழுத்தில் குழாய்தான்.

ஓட்டமும் நடையுமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். உடனே அடைப்பை எடுத்தால் பிழைக்கும், கூட வந்தவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள், எங்களை முன்பின் தெரியாத ஆபரேஷன் பிரிவில். தோல் ஃபேக்டரியில் வேலையிலிருந்த என் வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை. அக்கா சட்டென்று முந்தானையை இழுத்து, தானும் நோயாளி என்று தெரியாதபடி தன் இடக் கையை மூடிக்கொண்டார்.

"நான்தாங்க கூட வந்தவ. இவளோட அக்கா."

மதியம் என்னை வெளியே கொண்டுவந்தபோது கை மறுபடி அதிர்ந்துகொண்டிருந்தது. அக்கா தன் டயாலிசிஸை விட்டுவிட்டு, முகம் வீங்கி, மூச்சு வாங்க, வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். மிஷினுக்குப் போயிருக்கக் கூடாதா என்று அழுதேன்.

"கூட வந்தவ எப்பிடிடி எழுந்து போறது?" என்றார்.

அக்கா இப்போது இல்லை. வியாதிக்காரியால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று மனசு சோரும்போதெல்லாம், அன்றைக்கு எனக்குப் பொறுப்பேற்றவர் என்னைவிட உடம்புக்கு முடியாதவர் என்பதை நினைத்துக்கொள்கிறேன்.