வாய் நிறையத் தண்ணீர்

என் பேத்தி கல்யாணத்துக்குச் சமைக்க வந்த அம்மா அவர். குட்டை உருவம், உரத்த குரல். மூட்டை வெங்காயத்தை அரிந்தாலும் அவர் கண் கலங்காது. கல்யாணம் நடந்தது மொரப்பூர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில். அந்த இடத்தில் ஒரு காலத்தில் நான் கம்பு விதைத்திருக்கிறேன், அதை விடுங்கள்.

முதல் நாள் மதியம் எங்கள் சொந்தக்காரப் பெண்கள் வெங்காயம் அரிந்தபடி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள்.

"நல்ல காரியத்துல எதுக்குங்க அழுவுறீங்க? வாய் நெறய தண்ணி வெச்சிக்கிட்டு அரிங்க. முழுங்கக் கூடாது, பேசக் கூடாது," என்றார் அந்த அம்மா. அவரும் அப்படித்தான் அரிவாராம். எல்லோரும் வைத்துக்கொண்டோம், கூட உட்கார்ந்திருந்த நானும்தான். ஒருத்தர் கண்ணிலும் சொட்டு நீர் இல்லை.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அப்பா வந்து நின்றார். சம்பந்தியை 'வாங்க' என்று கூப்பிடாமல் இருப்பது எங்கள் பக்கம் பெரிய குற்றம். நாங்கள் பத்துப் பேரும் கன்னம் உப்ப அவரையே பார்த்தோம்.

"பொண்ணு வூட்ல வாங்கன்னு சொல்ல ஒரு ஆளு இல்லையா?" என்று துண்டை உதறிக்கொண்டு திரும்பினார். எனக்கு உயிரே போய்விட்டது.

அந்த அம்மாதான் மடக்கென்று விழுங்கினார். "கோவிச்சிக்காதீங்கய்யா! இவுங்க வாயத் தொறந்தா அத்தன தண்ணியும் உங்க வெள்ளச் சட்ட மேலதான் உழுவும்!"

சிரிப்புத் தாங்காமல் நான்தான் முதலில் துப்பினேன். சட்டை நனைந்த சம்பந்தியும் சிரித்துவிட்டார். கீழே உட்கார்ந்து ஒரு கத்தி கேட்டார்.

அந்த அம்மாவின் பெயரைக் கேட்காமலே அனுப்பிவிட்டேன். இப்போதும் வெங்காயம் அரியும்போது வாயில் தண்ணீர் வைத்துக்கொள்கிறேன், யாராவது வந்துவிடுவார்களோ என்று வாசலைப் பார்த்தபடியே.